இங்கிலாந்து ஹீத் மைதானங்களில் கோல்ஃப்: ஹெதரில் பந்து விழுந்தால்

(நான்கு ஆட்டக்காரர்கள் புனைபெயரில் சொல்வது. பெயர் ஒவ்வொரு பகுதிக்கும் மேலே.)

மணல்மேடு

ஹீத் மைதானத்துக்கு, அதாவது மணல் தரையில் ஹெதர் புதர் வளரும் கோல்ஃப் மைதானத்துக்கு, புதிதாகப் போகிறவர்களின் ஸ்கோர் கெடுவது பெரும்பாலும் பங்கரில் (மணல் பள்ளத்தில்) இல்லை, ஹெதரில்தான். பார்த்தால் கணுக்கால் உயரச் செடி. ஆகஸ்டில் ஊதாப் பூ பூத்து அழகாக வேறு இருக்கும். ஆனால் தண்டு கம்பி மாதிரி. வலக்கை ஆட்டக்காரர் வீசும்போது கிளப்பின் (மட்டையின்) கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். கழுத்து மாட்டிக்கொள்ள, முனை மட்டும் முன்னால் திரும்பும், முகம் மூடிவிடும். பந்து தாழ்வாக இடப்பக்கம் பாய்ந்து அடுத்த புதரில் விழும்.

அதனால் சாண்ட் வெட்ஜ் அல்லது பிட்சிங் வெட்ஜ் (பந்தை உயரத் தூக்கும் குறுந்தூரக் கிளப்கள்) மட்டும் எடுங்கள். முகத்தை முதலில் சற்றுத் திறந்து வைத்து, அதன் பிறகு பிடியைப் பிடியுங்கள். இடக்கையின் கடைசி மூன்று விரல்களில் இறுக்கம் வேண்டும். பந்து நடுவிலிருந்து கொஞ்சம் வலது கால் பக்கம், உடல் எடை இடது காலில். செங்குத்தாகத் தூக்கி, செங்குத்தாக இறக்குங்கள். குறி கொடி அல்ல, எந்தப் பக்கம் ஃபேர்வே (வெட்டிய புல் பாதை) கிட்டத்தில் இருக்கிறதோ அதுதான். பக்கவாட்டில் 30 யார்டு போனாலும் அது நல்ல அடி. 170 யார்டு மிச்சம் என்று ஹைப்ரிடை (நெடுந்தூரக் கிளப்பை) உருவுகிறவருக்கு அந்தக் குழியில் ஸ்கோர் 7 நிச்சயம்.

விதிப்புத்தகம்

அடிப்பதற்கு முன்னாலேயே அபராதமாக ஸ்ட்ரோக் (அடிக் கணக்கு) போகிற இடங்கள் இருக்கின்றன.

பந்தைத் தேட 3 நிமிடம்தான், 2019-க்கு முன் இருந்த 5 நிமிடம் இல்லை. ஹெதர் பக்கம் போன பந்துக்கு டீயிலிருந்தே (முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்தே) ‘ப்ரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று சொல்லி இன்னொன்று அடித்துவிடுங்கள். தேடும்போது தெரியாமல் காலில் பட்டு நகர்ந்தால் அபராதம் இல்லை, பழைய இடத்தில் வைக்க வேண்டும். உங்கள் பந்துதானா என்று பார்க்க எடுக்கலாம். முதலில் இடத்தைக் குறியுங்கள், அடையாளம் தெரியும் அளவுக்கு மேல் துடைக்காதீர்கள்.

பலர் மாட்டுவது பயிற்சி வீச்சில். பந்துக்குப் பின்னால் இருக்கும் தண்டை அது முறித்து, உங்கள் வீச்சுக்கு வழி விட்டால் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) 2 அபராத அடி. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொல்லியும் பயனில்லை.

அடிக்கவே முடியாத நிலை என்றால் 1 அபராதத்தில் மூன்று வழி. கடைசியாக அடித்த இடத்துக்கே திரும்பலாம். கொடியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் எவ்வளவு தூரமும் பின்னால் போய் டிராப் செய்யலாம் (பந்தைக் கையிலிருந்து கீழே விடலாம்). அல்லது பக்கத்தில் 2 கிளப் நீளம். டிரைவர் சுமார் 45 அங்குலம், இரண்டுக்கு ஏழரை அடி. ஹெதர் திட்டு பெரிதாக இருந்தால் அந்த ஏழரை உங்களைச் சனி மாதிரி செடிக்குள்ளேயே வைத்திருக்கும். அபராதமும் போய், பந்தும் மறுபடி புதரில். கோட்டில் பின்னால் நடைபாதையோ வெட்டிய புல்லோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நாலாம்குழி

மணல்மேடு சொல்வது வயதான ஹெதருக்குச் சரி. எல்லா ஹெதரும் ஒன்றில்லை. சமீபத்தில் வெட்டித் துளிர்த்த இளஞ்செடியில் பந்து மேலே உட்கார்ந்திருந்தால் 8 அயர்ன் (நடுத்தரத் தூரக் கிளப்) தாராளமாக எடுக்கலாம். ஆனால் கிளப்பைப் பின்னால் தரையில் ஊன்றாதீர்கள், செடி அசைந்தால் பந்து கீழே இறங்கிவிடும். ஈர ஹெதர் இரட்டிப்பாகப் பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு) அடிப்பதிலும் கணக்கு மாறும். அடியில் மணல், தண்ணீர் நிற்காது, தரை இறுகியிருக்கும். வறண்ட ஜூலையில் கொடியின் தூரத்துக்கே பறக்கவிட்டால் பந்து பின்பக்கம் ஓடிப்போகும். 10, 15 யார்டு முன்னால் இறக்கி உருளவிடுங்கள். பல கிரீன்களின் முன்வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள், அது இதற்குத்தான். பவுன்ஸ் (கிளப்பின் அடிப்பாகச் சாய்வு) அதிகமான வெட்ஜ் இறுகிய தரையில் துள்ளிப் பந்தின் நடுவில் அடிக்கும், 8 டிகிரிக்குள் இருப்பது நல்லது.

லண்டனுக்குத் தென்மேற்கில் இருக்கும் வோகிங் மைதானத்தின் நாலாவது குழியைப் பார்த்தால் இந்த மண்ணின் புத்தி புரியும். ஃபேர்வேக்கு நடுவிலேயே பங்கர், வலப்பக்கம் ரயில் பாதை. இரண்டுக்கும் இடையே டிரைவ் (டீயிலிருந்து முதல் நீள அடி) விட்டவருக்குத்தான் கிரீன் நன்றாகத் திறக்கும். பயந்து இடப்பக்கம் போகலாம், இரண்டாவது அடி கடினமாகும். நேராக அடித்தவனைத் தண்டிப்பது அநியாயம் என்கிறவர்கள் உண்டு. அதை அநியாயம் என்று எண்ணுகிறவருக்கு ஹீத் மைதானங்கள் ஒத்துவராது.

வாட்டர்லூ ரயில்

எங்கே போவது என்றும் யாராவது சொல்ல வேண்டுமே.

எல்லோரும் கேட்பது சன்னிங்டேல் கிளப்பின் ஓல்டு மைதானம்: வில்லி பார்க் ஜூனியர் அமைத்து 1901-இல் திறந்தது. 1926 பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் தகுதிச் சுற்றில் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 66 அடித்தது இங்கேதான்: 33 பட் (கிரீனில் உருட்டும் அடி), மற்ற அடிகள் 33. பத்தாவது குழி முடிந்ததும் வரும் குடிலில் சாசேஜ் சாண்ட்விச் சாப்பிடாமல் யாரும் தாண்டுவதில்லை. கட்டணம் எக்கச்சக்கம். முதல் ஹீத் அனுபவத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். வோகிங், வெஸ்ட் ஹில், வொர்ப்ள்ஸ்டன் மூன்றும் அக்கம்பக்கம். நீளம் குறைவு, யோசனை அதிகம். வெஸ்ட் ஹில்லுக்கு ப்ரூக்வுட் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம்.

வால்டன் ஹீத் வேறு ரகம். சுமார் 600 அடி உயரத்தில் திறந்த வெளி, காற்று ஓயாது. பங்கர் விளிம்பிலும் ஹெதர் தொங்கும். 1981 ரைடர் கோப்பை (ஐரோப்பா, அமெரிக்கா அணிப் போட்டி) அங்கேதான் நடந்தது. ஹேண்டிகேப் (ஆட்டத் திறன் எண், கூடினால் திறன் குறைவு) 20-க்கு மேல் என்றால் முன் டீயிலிருந்து ஆடுங்கள், டீக்கு முன்னாலேயே ஹெதரைத் தாண்ட வேண்டிய குழிகள் உண்டு. பங்கர் என்றாலே பயமா? சசெக்ஸில் ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் ஓல்டில் ஒரு மணல் பங்கர்கூட கிடையாது. அதனால் சுலபம் என்று எண்ண வேண்டாம், ஓடையும் பள்ளமும் ஹெதரும் அந்த வேலையைச் செய்கின்றன.

செலவு யோசிப்பவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை பாருங்கள். களிமண் மைதானங்கள் சேறாகிக் கிடக்கும்போதும் மணல் மைதானங்களில் பெரும்பாலும் வழக்கமான கிரீன்களிலேயே ஆடலாம், கட்டணமும் பல இடங்களில் இறங்கும். வெளியாட்கள் வார நாளில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பல கிளப்புகள் ஹேண்டிகேப் சான்று கேட்கும். சில இடங்களில் காலை வேளை இருவர் ஆட்டத்துக்கு மட்டும் ஒதுக்கியிருக்கும், நாலு பேராகப் போய் நிற்காதீர்கள்.

விதிப்புத்தகம்

இன்னொன்று. கோடையில் ஹெதருக்குள் உண்ணி இருக்கும், லைம் நோய் பரப்பக்கூடியது. அரைக்கால் சட்டை போட்டால் நீளமான சாக்ஸ் போடுங்கள், ஆட்டம் முடிந்ததும் முழங்காலுக்குப் பின்னால் பாருங்கள். வெயில் காயும் இடத்தில் ஆடர் விரியன் படுத்திருக்கும். பந்தைத் தேடும்போது செடியைக் கையால் விலக்காதீர்கள், கிளப்பால் விலக்குங்கள்.