இலத்திரன் கடத்தும் நொதியங்கள் எவ்வாறு தோன்றின?

கொக்குவில், உயர்தர மாணவி:
கலத்தில் சக்தியை உருவாக்கும் பகுதியான இழைமணியின் உள்மென்சவ்வில் இலத்திரன்கள் ஒட்சிசனை நோக்கி நகர்கின்றன என்று படித்தோம். புரதமோ மின்னை எளிதில் கடத்தாது. அப்படியாயின் அவை எவ்வாறு அதனைக் கடக்கின்றன?

நல்லூர், உயிரியல் ஆசிரியர்:
பிள்ளை, இரும்பு-கந்தகக் கொத்துகளும் ஹீம் எனும் இரும்புள்ள கூறுகளும் புரதத்தினுள் பெரும்பாலும் 1.4 நனோமீற்றருக்கு உட்பட்ட இடைவெளிகளில் அமைந்திருப்பதால், குவாண்டம் ஊடுருவல் (தடையை ஏறிக் கடக்காமல் அதனூடாகவே செல்லுதல்) மூலம் இலத்திரன் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது. அப்போது விடுபடும் சக்தி புரோத்தன்களை மென்சவ்வுக்கு அப்பால் தள்ள, அவை திரும்பிப் பாயும்போது கலம் சக்திக்காகப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏரிபி (ATP) உருவாகிறது. புரோத்தன் பாய்ச்சல் பற்றி உயிர்இரசாயனவியலாளர் பீற்றர் மிற்செல் 1961இல் முன்வைத்த விளக்கத்துக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

மானிப்பாய் வாசகர்:
தோற்றத்தைப் பொறுத்தவரை, இரும்பு-கந்தகக் கொத்துகள் கொண்டு இலத்திரன் கடத்தும் பெரடொக்சின் புரதமே எனக்கு மிக வலுவான தடயமாகத் தெரிகிறது. அதன் இரு பாதிகளும் ஒத்திருப்பதைக் கண்ட எக், டேஹொவ் ஆகிய ஆய்வாளர்கள், சிறியதொரு புரதம் இரட்டித்தே அது உருவானது என 1966இல் விளக்கினர். ஒட்சிசனற்ற ஆதிக்கடலில் கரைந்த இரும்பு தாராளமாக இருந்ததையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

மாணவி:
நன்றி ஐயா. அப்படியென்றால் இலத்திரன்களை இறுதியில் ஏற்கும் பொருளாக, அதாவது ஏற்பியாக, ஒட்சிசன் வந்தது பிற்காலத்திலா?

ஆசிரியர்:
ஆம், நைத்திரேற்றையும் சல்பேற்றையும் பல பற்றீரியாக்கள் இன்றும் ஏற்பிகளாகப் பயன்படுத்துகின்றன.