மறு: பிளாஸ்டருக்கு ஒரு தமிழ்ச்சொல் – ‘தெறிகுழல்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கியவன் நான் என்பதால் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் எழுதிவிடுகிறேன். மகனுக்காகக் குழாய்த் துண்டுகளை வைத்துச் செய்த, நுரை அம்பு விடும் பொம்மையின் (ஆங்கிலத்தில் blaster) செய்முறையைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். ‘பிளாஸ்டர் செய்வது எப்படி’ என்ற தலைப்பைப் பார்த்த மனைவி, சுவரில் பூசுவதா, காயத்தில் ஒட்டுவதா என்று கேட்டாள். நம் எழுத்தில் மூன்றும் ஒன்றுதானே. ஒலிபெயர்ப்பு அதோடு போயிற்று.

> பொம்மைத் துப்பாக்கி என்றால் முடிந்தது. எதற்கு வம்பு?

ஐயா, வம்பே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த அமெரிக்காவில், இதைச் செய்பவர்கள் ‘கன்’ என்ற சொல்லை வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள். பூங்காவில் விளையாடும் பையனின் கையில் இருப்பது நிஜம் என்று யாராவது நினைத்துப் போலீசைக் கூப்பிட்டால் விபரீதமாகிவிடும். நிஜத்தைப் போலவே இருக்கும் பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்று அங்கே 1988-இல் சட்டமே வந்தது. அவர்கள் ஒதுக்கியதை நாம் ஏன் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும்?

> சுருள்வில்தானே தள்ளுகிறது? ‘வில்லுந்தி’ எனலாம்.

உந்தி என்றால் கொப்பூழ் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அம்பைத் தள்ளுவது சுருள்வில் அல்ல, காற்று. இழுத்துவிட்ட தண்டு ஒரு பெரிய குழாய்க்குள் பாய்கிறது, அங்கே இருக்கும் காற்று நெருக்கப்பட்டு, முன்னால் உள்ள சிறிய குழலில் செருகிய அம்பை வெளியே தள்ளுகிறது. குழல் நீளமாக இருந்தால் வேகம் கூடும் என்று நானும் முதலில் இரண்டடி வைத்தேன். அம்பு முக்கிமுனகி வந்து காலடியில் விழுந்தது. தள்ளுகிற காற்று பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டால் மீதிக் குழல் வெறும் உராய்வுதான். ஓரடியாக வெட்டிய பிறகு கூடத்தைத் தாண்டிப் போனது.

இந்த வேலையைத்தான் நம் பீச்சாங்குழலும் செய்கிறது, காற்றுக்குப் பதில் தண்ணீர். அதனால் ‘பீச்சி’ என்று ஒரு நாள் முழுக்க மனதில் வைத்திருந்தேன். சொல்லிப் பார்த்ததும் மகன் சிரித்த சிரிப்பில் கைவிட்டேன். காரணம் எழுத வேண்டியதில்லை. தவிர, மோட்டாரில் சுழலும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே அம்பை நசுக்கி வெளியே தள்ளும் வகையும் உண்டு. அதில் பீச்சுவதற்கு எதுவும் இல்லை. ‘ஏவி’ நல்ல சொல்தான். ஆனால் ‘ஏவல்’ என்றதும் எங்கள் ஊரில் பில்லி சூனியம் வந்து நிற்கும்.

ஆகவே தெறிகுழல். காற்று தள்ளினாலும் சக்கரம் தள்ளினாலும் அம்பு தெறித்துப் போகிறது. தெறிப்பது அம்புதானே, குழல் அல்லவே என்று இலக்கணம் கேட்டவருக்கு: எழுதுகோலில் எழுதுவது கோலா? குடிநீர், சுடுகாடு என்று வினைத்தொகை இதையெல்லாம் எப்போதோ தாங்கிக்கொண்டுவிட்டது.

> ‘நுரைக்கணை’ வேண்டாம். எறிகணை கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பொம்மைச் சொல் இல்லை.

யாழ்ப்பாணத்து அக்கா எழுதிய இந்த ஒரு வரியோடு, நுரை அம்புக்கு நான் வைத்திருந்த ‘கணை’யை எடுத்துவிட்டேன். எறிகணை என்பது போரில் வந்து விழும் குண்டின் பெயர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை, மன்னியுங்கள். ‘அம்பு’ போதும்.

உறுப்புகளுக்குச் சொல் தேடி அலையவில்லை. தண்டைப் பிடித்து நிறுத்தும் தகடு கதவில் இருப்பதைப் போலவே வேலை செய்வதால் ‘கொண்டி’. அதை விடுவிப்பது ‘விசை’. பின்னால் இழுப்பது ‘இழுதண்டு’. ரெடியூசர் (பெரிய குழாயைச் சிறியதோடு இணைப்பது), எண்ட் கேப் (முனை மூடி), ஓ ரிங் (காற்றைக் கசியவிடாத ரப்பர் வளையம்) மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன். கடையில் போய் ‘குறுக்கி கொடுங்கள்’ என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. குழலுக்கு அரை அங்குல சிபிவிசி (ஒரு வகை பிளாஸ்டிக்) குழாய். உள்விட்டம் சுமார் 12 மி.மீ. நுரை அதைவிடக் கொஞ்சம் தடிமன் என்பதால் இறுக்கமாக உட்கார்ந்து காற்றை விடாது.

ஒன்றுதான் பாக்கி. கட்டட இடைவெளிகளை அடைக்கும் நுரைக்கயிற்றை வெட்டி, முனையில் வாஷரும் மெத்தென்ற துணியும் ஒட்டி வீட்டில் செய்யும் அம்பை அந்த அமெரிக்கர்கள் ‘ஸ்டெஃபான்’ என்கிறார்கள், ஆள் பெயரேதான். கடை அம்பிலிருந்து இதைப் பிரித்துச் சொல்ல ‘வெட்டம்பு’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். வாஷர் முனை கண்ணில் பட்டால் ஆபத்து என்ற எச்சரிக்கை அந்தப் பத்தியில்தான் வருகிறது, எனவே படித்ததும் புரிகிற சொல்லாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது இதைவிட நல்லதாகச் சொன்னால் மாற்றிவிடுகிறேன்.