பிஐஇ விரைவுச்சாலையைத் தாண்டி வந்த இட்லி மாவு

குழு: நம்ம வீடு, சிங்கப்பூர்
14 அக்டோபர் 2018, ஞாயிறு

பெரியப்பா (8:12): அகிலா, மாவு வந்துகொண்டிருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. நடை மேம்பாலப் படியில் சைக்கிளைத் தள்ளி ஏறும்போது பின்சக்கரம் வழுக்கி, கேரியரில் கட்டியிருந்த டப்பா திறந்துகொண்டது. கால்வாசி மாவு படியில். பின்னால் வந்த சீனப் பாட்டி ஒரு டிஷ்யூ பாக்கெட்டை முழுசாகப் பிரித்து நீட்டினார், இரண்டு பேரும் குனிந்து துடைத்துக்கொண்டு இருந்தோம்.

அகிலா (8:13): மாவு கிடக்கட்டும்ப்பா, உங்களுக்கு அடி?

பெரியப்பா (8:15): முழங்கையில் லேசான சிராய்ப்பு.

அத்தை (8:17): அறுபத்தேழு வயதில் இந்த சைக்கிள் தேவையா அண்ணே? பஸ் எதற்கு இருக்கிறது?

பெரியப்பா (8:20): பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் காலாங் ஆற்றோரமாகப் போய்ச் சேர்ந்துவிடுவேன். போன வாரம் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனைப் பங்கு போட்டுச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது, பஸ்ஸில் அதெல்லாம் கிடைக்குமா? வழி முழுக்க நல்ல வழிதான், நடுவில் இந்த பிஐஇ ஒன்று குறுக்கே படுத்திருக்கிறது. ஏன் செல்வா, நீ கட்டுமான வேலையில்தானே இருக்கிறாய், படிக்குப் பதிலாக ஒரு சரிவுப் பாதை போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

செல்வா (8:31): இடம்தான் பிரச்சினை பெரியப்பா. நம்ம ஊர்ச் சாலையில் 4.5 மீட்டர் உயரம் வரைக்கும் வண்டி சாதாரணமாகப் போகலாம். அதற்கு மேலே கொஞ்சம் இடைவெளி, பாலத்தோட கனம், எல்லாம் சேர்த்தால் நீங்கள் நடக்கிற தளம் தரையிலிருந்து கிட்டத்தட்ட 6 மீட்டர். சக்கர நாற்காலிக்கு ஆகக்கூடிய சரிவு 1-க்கு 12, அப்படியானால் 6 மீட்டர் ஏற 72 மீட்டர் நீளம் வேண்டும், அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும், நடுவில் நின்று மூச்சு வாங்குகிற சமதளம் தனி. மிதித்துக்கொண்டே ஏற 1-க்கு 20 வைத்தால் 120 மீட்டர். அடுக்குமாடி புளோக்குக்கும் விரைவுச்சாலைக்கும் நடுவில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? படி என்றால் ஒரு மூலையில் முடிந்துவிடும்.

அகிலா (8:34): லிஃப்ட் வைக்கலாமே.

செல்வா (8:35): வைக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து சைக்கிள் வரிசையில் நின்றால் வீல்சேரில் வருகிறவர் என்ன செய்வார்?

செல்வா (8:38): போன வருடம் நகர மறுசீரமைப்பு ஆணையம் ஒரு திட்டம் காட்டியது, ஞாபகம் இருக்கா? பீஷான் - அங் மோ கியோ பூங்காவிலிருந்து காலாங் பேசின் வரைக்கும் ஆற்றோரமாக 10 கிலோமீட்டர், இறங்காமலேயே ஓட்டலாம். பிஐஇ மேலே சைக்கிளுக்கென்று பாலம், சிராங்கூன் ரோட்டுக்கும் காலாங் பாருவுக்கும் அடியில் சுரங்கப்பாதை.

அத்தை (8:40): அது வருவதற்குள் இன்னும் எத்தனை டப்பா மாவு கொட்டுமோ. புக்கிட் தீமா காட்டில் எறும்புத்தின்னிக்குக்கூடப் பாலம் கட்டியாகிவிட்டது, எங்கள் அண்ணனுக்குத்தான் இல்லை.

செல்வா (8:43): 😂 அதற்கும் 27 வருடம் ஆனது அத்தை. 1986-ல் பிகேஇ விரைவுச்சாலை காட்டை இரண்டாகப் பிளந்தது, பாலம் முடிந்தது 2013-ல். 62 மீட்டர், மேலே மண் போட்டு மரம் வைத்திருக்கிறார்கள். படியே கிடையாது.

அகிலா (8:44): எறும்புத்தின்னி சைக்கிளும் தள்ள வேண்டாம், மாவும் தூக்க வேண்டாம்.

பெரியப்பா (8:52): 1964-ல் காலியர் கீயில் ஊரின் முதல் நடை மேம்பாலம் திறந்தபோது எனக்கு 13 வயது. சாலையைக் கடக்கிற வேலை ஒன்றும் இல்லை, சும்மா வேடிக்கைக்கு அப்பா கூட்டிப்போனார். நடுவில் நின்று கீழே போகிற காரை எண்ணிக்கொண்டிருந்தேன், இறங்கவே மனம் வரவில்லை. இப்போது மேலே போய்ச் சேர்ந்தால் எப்போது இறங்குவோம் என்றிருக்கிறது. காகிதப்பூ மட்டும் அழகாக வைத்திருக்கிறார்கள்.

அகிலா (9:20): அப்பா வந்துவிட்டார். முழங்கைக்கு மருந்து போட்டாச்சு. மாவில் பன்னிரண்டு இட்லி தேறும். அப்பா, திரும்பும்போது சைக்கிளை இங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள், சொல்லிட்டேன்.

பெரியப்பா (9:22): விட்டுவிட்டுப் போகலாம்தான். பூட்டு வீட்டில் இருக்கிறது.

அத்தை (9:23): பொய். கேரியருக்குக் கீழே தொங்குகிறதே, அகிலா அனுப்பிய படத்தில் தெரிகிறது.