குடும்பக் குழு: கடைக் கணினியில் இன்னொரு போஸ்ட்கிரெஸ்

நான்: சித்தப்பா, வணக்கம். இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றி அத்தை தட்டச்சு செய்துவரும் கப்பல் பட்டியல் தரவுத்தளத்தை, டர்பனின் பீனிக்ஸில் உள்ள உங்கள் கடைக் கணினியில் வைக்கலாம் என்று பேசினோம் அல்லவா? அதில் உபுண்டு 22.04 இயங்குதளத்துடன் வந்த போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் 14ஆம் பதிப்பு இருக்கிறது. நம் தரவோ 17ஆம் பதிப்பில் உருவானது. புதிய பதிப்பின் தரவைப் பழையதில் ஏற்ற முயல்வது வீண் வேலை.

சித்தப்பா: தம்பி, அந்த 14இல் யாரும் கைவைக்கக் கூடாது. கடையின் கணக்கு மென்பொருள் அதன்மேல்தான் ஓடுகிறது. தம்மைக் கேட்காமல் ஏப்ட் கட்டளையால் எதையும் நிறுவக் கூடாது என்று அதைப் பராமரிப்பவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். வாட் கணக்கு அனுப்பும் நேரத்தில் அது படுத்துக்கொண்டால் என் பாடு திண்டாட்டம்தான்.

அக்கா: பொதுவாக நான் தனிக் கோப்புறை நிறுவலைப் பரிந்துரைக்க மாட்டேன். போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்தால் 14உம் 17உம் அருகருகே இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்களும் வழக்கமான புதுப்பிப்போடு வந்துவிடும். ஆனால் அப்போது கணக்கு மென்பொருள் போஸ்ட்கிரெஸோடு பேசப் பயன்படுத்தும் லிப்பிக்யூ நூலகமும் புதிய பதிப்புக்கு மாறக்கூடும் என்பதால், பராமரிப்பவரின் அச்சத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே மூலநிரலிலிருந்து தனியாக நிறுவுவோம். திருத்தங்களைக் கவனித்து ஏற்றுவது இனி நம் தலையில்தான் விழும்.

நான்: கம்பைல் செய்ய, அதாவது மூலநிரலை ஓடும் நிரலாக மாற்ற, ஜிசிசியும் ரீட்லைன், ஐசியு நூலகங்களின் மேம்பாட்டுத் தொகுப்புகளும் வேண்டும். 17இலிருந்து பைசனும் ஃபிளெக்ஸும்கூடக் கட்டாயம். அவற்றைக் கடைக் கணினியில் ஏற்றுவதற்கும் ஏப்ட்தானே வேண்டும்?

அக்கா: அங்கே எதற்குக் கம்பைல் செய்கிறாய்? உன் மடிக்கணினியிலும் அதே உபுண்டு 22.04தானே இருக்கிறது, அதில் செய்து, விளைந்த கோப்புறையைத் தார் கோப்பாகக் கட்டி எடுத்துப் போ. ஓடுவதற்கு வேண்டிய ரீட்லைன், ஐசியு நூலகங்கள் 14உடனேயே கடைக் கணினிக்கு வந்திருக்கும். எதற்கும், நிரலுக்கு வேண்டிய நூலகங்கள் கிடைக்கின்றனவா என்று காட்டும் எல்டிடி கட்டளையால் ஒருமுறை சரிபார்த்துக்கொள். கம்பைலுக்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் கட்டளையில் நிறுவும் இடத்தைச் சொல்லும் பிரிஃபிக்ஸில், கடைக் கணினியில் எந்தப் பாதையில் வைக்கப்போகிறாயோ அதையே கொடுத்துவிடு.

நான்: ஆப்ட் (/opt) கோப்புறைக்குள் ‘கப்பல்-17’ என்று பெயர் வைக்கலாமா?

அக்கா: ‘பிஜிஎஸ்க்யூஎல்-17’ என்று வை. பாதையில் ‘போஸ்ட்கிரெஸ்’ என்றோ ‘பிஜிஎஸ்க்யூஎல்’ என்றோ வராவிட்டால், பொதுக் கோப்புறையில் நிறுவுகிறோம் என்று கான்ஃபிகர் எண்ணிக்கொண்டு, ஷேர் முதலிய உட்கோப்புறைகளின் முடிவில் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்று இன்னொரு அடுக்கைத் தானாகச் சேர்த்துவிடும். கெடுதல் ஒன்றுமில்லை, கோப்பைத் தேடும்போதுதான் எரிச்சல் வரும். பெயரில் 17 என்ற எண் அவசியம் இருக்க வேண்டும். நாளை 18க்கு மாறும்போது பிஜி அப்கிரேட் கருவிக்குப் பழைய நிரல்கள், புதிய நிரல்கள் இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும்.

சித்தப்பா: ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்கிறீர்கள். சரி, தரவு எங்கே இருக்கும்? முதல் வட்டில் இடம் குறைவு. இரண்டாவது பெரிய வட்டு காலியாகத்தான் கிடக்கிறது.

அக்கா: தரவு அந்தப் பெரிய வட்டுக்கே போகட்டும், சித்தப்பா. நிரலையும் தரவையும் ஒரே கோப்புறையில் வைக்கவே கூடாது. நிரலை எப்போது வேண்டுமானாலும் அழித்து மீண்டும் நிறுவலாம், அத்தையின் உழைப்பை அப்படிச் செய்ய முடியாது. தம்பி, வட்டு இணைக்கப்படும் கோப்புறையான மவுண்ட் புள்ளியையே தரவுக் கோப்புறையாகக் கொடுத்துவிடாதே. அங்கே ‘லாஸ்ட் ஃபவுண்ட்’ கோப்புறை இருப்பதால் தரவுக் கோப்புறையை முதலில் தயார்செய்யும் இனிட்டிபி கட்டளை ‘காலியாக இல்லை’ என்று மறுத்துவிடும். உள்ளே ஒரு துணைக் கோப்புறையை உருவாக்கி, இதற்கென்றே ஒரு தனிப் பயனர் கணக்கை உண்டாக்கி அதற்கு உரிமையாக்கி, அந்தப் பயனர் மட்டுமே திறக்கும்படி அனுமதியை 700 என்று வை. முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக இருந்தால் இனிட்டிபி ஓடவே ஓடாது.

சித்தப்பா: மின்வெட்டு வந்து போனபின் அது தானாக எழுந்துகொள்ளுமா?

அக்கா: எழுந்துகொள்ளும். அதற்கு, சேவைகளைத் தானாகத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்கு ஒரு கோப்பு எழுத வேண்டும். பெரிய வட்டு மவுண்ட் ஆன பிறகே தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதில் சேர்க்க வேண்டும். வேகமாகும் என்று யார் சொன்னாலும், எழுதியதை வட்டில் உறுதியாகப் பதியவைக்கும் எஃப்சிங்க் அமைப்பை மட்டும் அணைக்காதீர்கள். மின்சாரம் திடீரென்று போனால் தரவைக் காப்பது அதுதான்.

நான்: 14 ஏற்கெனவே 5432ஆம் போர்ட்டில் இருப்பதால் இதற்கு 5433 கொடுக்கிறேன். கடைக் கணினியில் வழக்கம்போல் தரவுத்தளத்தைத் திறக்கும் பிஎஸ்க்யூஎல் கட்டளையைத் தட்டினால் எது திறக்கும்?

அக்கா: பழையதுதான் திறக்கும். 5433 என்று சொல்லித் தட்டினாலும் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்றே பிழை வரும். ஏனென்றால் உபுண்டுவின் பிஎஸ்க்யூஎல், சர்வரோடு பேச உதவும் சாக்கெட் கோப்பை வார்-ரன் கோப்புறையில் தேடும், நாம் மூலநிரலிலிருந்து கட்டியதோ அதை டெம்ப் கோப்புறையில் வைக்கும். சர்வர் ஓடவில்லை என்று பதறி மறுபடி நிறுவத் தொடங்கிவிடாதே. புதிய கோப்புறைக்குள் ‘பின்’ (bin) என்ற உட்கோப்புறையில் உள்ள பிஎஸ்க்யூஎல்லை முழுப் பாதையோடு அழைத்தால் திறந்துவிடும். கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியை எல்லாருக்கும் பொதுவாக மாற்றினால் கணக்கு மென்பொருள் தடுமாறும். நம் பயனருக்கு மட்டும் மாற்று.

அத்தை: பிள்ளைகளே, 1860இல் ட்ரூரோ கப்பலில் வந்தவர்களில் தொடங்கி 1911 வரை போக வேண்டிய பட்டியல் இது. ஞாயிறுதோறும் அந்தத் தரவுக் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் நகலெடுத்து எனக்குக் கொடுத்தால் போதாதா?

அக்கா: போதாது, அத்தை. சர்வர் ஓடும்போது எடுக்கும் கோப்புறை நகலில் பாதி பழையதும் பாதி புதியதுமாகக் கலந்திருக்கும். அதை நம்ப முடியாது. தரவுத்தளத்தை முழுமையாக நகலெடுக்கும் பிஜி டம்ப் கட்டளையால் ஒரே கோப்பாக எடுத்துத் தருகிறோம். அதையும் 17இன் கோப்புறையிலிருந்தே அழைக்க வேண்டும். 14இன் பிஜி டம்ப், பதிப்பு பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும்.

சித்தப்பா: அப்படியானால் சனிக்கிழமை கடை மூடியபின் தார் கோப்போடு வா, தம்பி. கோப்புறைகளை உருவாக்கவும் சிஸ்டம்டி கோப்பை வைக்கவும் மட்டும் நான் கடவுச்சொல்லை இடுகிறேன். மற்றதெல்லாம் அந்தத் தனிப் பயனராகவே நடக்கட்டும்.