20 எச்பி மோட்டார்: கேபிள் சூடாவதற்குச் சுருள்தான் காரணமா?

தும்புமில்காரன், ஈத்தாமொழி:
கதம்பல் (தேங்காய் மட்டை) அடிக்கிற மிஷினைப் புது ஷெட்டுக்கு மாற்றியிருக்கிறோம். மீட்டர் ரூமிலிருந்து 60 மீட்டர் தூரம். மோட்டார் 20 எச்பி, மூன்று ஃபேஸ். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கத்திலேயே இருக்கிறது. கையில் இருந்தது 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு ஃப்ளெக்சிபிள் கேபிள், 90 மீட்டர். மிச்ச 30 மீட்டரை வெட்ட மனசு வரவில்லை, சுவரில் சுற்றித் தொங்குகிறது. ஈரக் கதம்பல் போட்டு மத்தியானம் வரை ஓட்டினால் சுருளில் கை வைக்க முடியாது. ஸ்டார்ட்டருக்குள் நுழையும் இடத்தில் சிவப்பு வயரின் உறை பழுப்பேறி, வளைத்தால் நொறுங்குகிறது. சுற்றினால் காந்தமாகிவிடும், அதனால்தான் சூடு என்கிறார் ஒருவர். 16 ஸ்கொயர் இழுக்கச் சொல்கிறார் இன்னொருவர். செம்பு விற்கிற விலையில் எதைக் கேட்பது?

ஐஸ்பிளான்ட், குளச்சல்:
அண்ணாச்சி, லோடு ஓடும்போது டாங் டெஸ்டர் (வயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கிற மீட்டர்) போட்டு மூன்று ஃபேஸும் பார்த்துச் சொல்லுங்க. வோல்டேஜும் வேணும்.

தும்புமில்காரன்:
31, 29, 30 ஆம்பியர். மீட்டர் ரூமில் 385 வோல்ட், ஸ்டார்ட்டரில் 372.

வயர்மேன், மார்த்தாண்டம்:
காந்தக் கதையை விடுங்க. ஒரே கேபிளுக்குள் மூன்று ஃபேஸும் போகும்போது ஒன்றின் காந்தப் புலத்தை மற்றவை சமன் செய்துவிடும். சூடு வருவது கம்பியின் ரெசிஸ்டன்ஸால்தான். 6 ஸ்கொயர் கேபிளில் 90 மீட்டருக்கு ஒரு கோர் (உள்ளே போகும் ஒரு வயர்) சுமார் 0.3 ஓம். 30 ஆம்பியரில் மூன்று கோரும் சேர்ந்து 800 வாட் தின்னும். நீளமாக விரித்துக் கிடந்தால் மீட்டருக்கு 9 வாட், காற்றிலேயே ஆறிவிடும். உங்கள் சுருளில் 270 வாட் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. சாதாரண பிவிசி உறை தாங்குவது 70 டிகிரிதான். வெளியே கை பொறுக்கவில்லை என்றால் நடு அடுக்குகள் அதைத் தாண்டியிருக்கும். அந்த 30 மீட்டரை வெட்டி எடுங்க. வேறு வேலைக்கு ஆகும்.

சிவப்பு வயர் கருகியது இந்தக் கணக்கில் வராது. மூன்று ஃபேஸும் ஏறக்குறைய சமமாக இழுக்கிறது, பிறகு ஒன்று மட்டும் ஏன் கருக வேண்டும்? ஜாயின்ட் லூஸ். கேபிள் முழுக்க ஒரே சீராகச் சூடானால் சைஸ் பத்தவில்லை என்று அர்த்தம், நுனி மட்டும் சூடானால் பிடிப்பு சரியில்லை. 16 என்ன, 50 ஸ்கொயர் போட்டாலும் அந்த நுனி கருகத்தான் செய்யும். மெயினை ஆஃப் பண்ணி, ஃப்யூஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, செம்பு பளபளவென்று தெரியும் வரை வெட்டிப் புது லக் (வயர் நுனியில் மாட்டித் திருகில் இறுக்கும் உலோக முனை) போடுங்க. பிளையரில் நசுக்காமல் கிரிம்பிங் டூலில் அழுத்தணும்.

வோல்டேஜ் குறைந்தால் அதே வேலைக்கு மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் ஏறும். 10 சதவீதம் கூடுதல் ஆம்பியருக்கு 21 சதவீதம் கூடுதல் சூடு. சுருளை வெட்டினால் கேபிளில் விழும் 13 வோல்ட் 9-க்கு இறங்கும். வெட்டிய பிறகும் கேபிள் முழுக்கச் சூடு தெரிந்தால் மட்டும் மாற்றுங்க. அப்போதும் செம்பு வேண்டாம், 25 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கவசம் போட்ட கேபிள்) போதும். ரெசிஸ்டன்ஸில் 16 ஸ்கொயர் செம்புக்கு ஏறக்குறைய சமம், விலை குறைவு. 60 மீட்டரில் 540 வாட் போகிற இடத்தில் 200 வாட்டுக்குள் நிற்கும். தினம் 8 மணி நேரம் ஓடினால் மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். ஆர்மரை எர்த் பண்ண மறக்காதீங்க.

தும்புமில்காரன்:
லக் திருகைத் தொட்டதும் அரைச் சுற்று சுற்றியது! உள்ளே பச்சை பூத்துக் கிடக்கிறது. நாளைக்குச் சுருளையும் வெட்டிவிடுகிறேன்.

ஐஸ்பிளான்ட், குளச்சல்:
பச்சை பூத்தது உப்புக்காற்று, நம்ம கடலோரத்தில் இது தீராத தொல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியில் கேபிள் நுழையும் ஓட்டைக்குக் கிளாண்டு (கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் மூடி) போட்டு இறுக்குங்க, தும்புத் தூசியும் உள்ளே போகாது. பின்னால் அலுமினியம் இழுத்தால் ஸ்டார்ட்டர் பக்கம் பைமெட்டாலிக் லக்தான் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு) போடணும். சும்மா அலுமினிய லக்கைச் செம்பில் வைத்து முறுக்கினால் இந்த ஈரத்தில் சீக்கிரம் அரித்து மறுபடி லூஸாகும்.