நாய் மேல் ஸ்கங்க் பீச்சிவிட்டால்: எங்கள் வீடுகளில் நடந்தவை

எடிசன், நியூ ஜெர்சி

எங்கள் கருப்பனுக்கு நாலு வயசு. லாப்ரடார், பெயருக்கு ஏற்ற கறுப்பு. போன செப்டம்பரில் ஒரு ராத்திரி, மணி பதினொன்றரை இருக்கும். படுக்கும் முன் வழக்கம்போல் பின்கதவைத் திறந்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வேலி ஓரத்துப் புதரில் ஒரு சீறல் கேட்டது. கருப்பன் ஒரு தடவை குரைத்தான். அதோடு குரைப்பு நின்று, தும்மிக்கொண்டே வீட்டை நோக்கி ஓடி வந்தான். நான் கதவைச் சாத்துவதற்குள் காலுக்கிடையில் புகுந்து உள்ளே போய், சோபாவில் முகத்தைத் தேய்த்து, கார்ப்பெட்டில் புரள ஆரம்பித்துவிட்டான்.

ஸ்கங்க் என்பது இந்தப் பக்கத்தில் இருக்கும், பூனை அளவு, கறுப்பு வெள்ளை விலங்கு. பயந்தால் வாலடியிலிருந்து நாற்ற நீரைப் பீச்சும். அந்த நாற்றம் எனக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்திருந்தேன். நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பதைக் கடந்து போகும்போது காருக்குள் வரும் அந்த வாடை. கிட்டத்தில் அது வேறு மாதிரி. கேஸ் கசிகிறது என்றுதான் முதலில் நினைத்து, அடுப்புக்கு ஓடினேன். ரப்பர் எரியும் நெடியும் அழுகிய பூண்டும் சேர்ந்து தொண்டையைப் பிடித்தது. கண்ணில் நீர் கொட்டியது. என் மூக்கு சொன்னதில் பெரிய தப்பு இல்லை என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். கேஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் கலக்கிற மெர்காப்டானும், ஸ்கங்க் பீச்சும் நீரில் இருக்கும் தயால்களும் ஒரே குடும்பத்துக் கந்தகப் பொருள்கள்.

பதற்றத்தில் நான் செய்த முதல் காரியமே தவறு. அவனைக் குளியல் தொட்டியில் இறக்கி, வெந்நீரைத் திறந்துவிட்டு, ஷாம்பூ போட்டுத் தேய்த்தேன். நாற்றம் குறைவதற்குப் பதில் பொங்கிக்கொண்டு வந்தது. தக்காளி ஜூஸ் ஊற்றினால் போய்விடும் என்று எப்போதோ யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டில் இருந்த ஆறு டப்பாவையும் அவன் மேல் ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் நாற்றம் அடங்கின மாதிரி இருந்தது. அப்பாடா என்று உட்கார்ந்தேன். இரவு ஷிப்ட் முடித்து வந்த மகள் வாசல் கதவைத் திறந்தவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அம்மா, என்னம்மா இது!” என்று வெளியிலேயே நின்றுவிட்டாள். நாற்றம் போகவே இல்லை. என் மூக்குதான் அசந்துபோயிருந்தது. தக்காளி செய்வது அவ்வளவுதான்.

அதற்குள் கருப்பன் இடது கண்ணைத் திறக்க முடியாமல் முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தான். இரவுநேரக் கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்தோம். எடுத்த டாக்டர் பொறுமையாகப் பேசினார். “குளிப்பாட்டுவதை விடுங்கள், முதலில் கண்ணைக் கழுவுங்கள்” என்றார். மகள் அவன் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டாள். காண்டாக்ட் லென்ஸுக்கு வைத்திருந்த வெறும் சலைன் நீரை நான் மூலையிலிருந்து மெல்ல மெல்ல ஊற்றினேன். துள்ளவே இல்லை. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தான். நாலைந்து தடவை கழுவிய பிறகு, சிவந்த கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். எனக்கு உயிர் வந்தது. அதே டாக்டர்தான் ஒரு கலவையும் சொன்னார். கடைகளில் விற்கிற 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு குவார்ட், அதாவது கிட்டத்தட்ட ஒரு லிட்டர். பேக்கிங் சோடா கால் கப். பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு ஒன்றிரண்டு டீஸ்பூன். வாளியில் கலந்தவுடனே நுரைத்துக்கொண்டு வரும், அப்போதே தேய்த்துவிட வேண்டும். முடி காய்ந்திருக்கும்போது போட்டால்தான் நன்றாக வேலை செய்யுமாம். நான்தான் ஏற்கெனவே நனைத்துத் தொலைத்திருந்தேனே. துண்டால் துவட்டிவிட்டு, கையுறை போட்டு, கழுத்திலிருந்து வால்வரை தோலில் படும்படி தேய்த்தோம். முகத்துக்கு மட்டும் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தோம், கண்ணில் படக் கூடாது என்பதற்காக. ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவினோம். மறுபடி ஒரு வாளி. விடியும்போது அவன் கழுத்தில் முகத்தை வைத்து முகர முடிந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் போனது அடுத்தவருக்காவது தெரியட்டும்.

ஸ்காபுறோ, ரொறன்ரோ

தங்கச்சி, உங்கள் கருப்பனின் கண் சுகமானது பெரிய ஆறுதல். எங்களுக்கு நடந்தது நாலு வருசத்துக்கு முந்தி. புல்தரையில் சின்னச் சின்னக் குழிகள், யாரோ விரலால் தோண்டினது போல. அணில் வேலை என்று விட்டுவிட்டேன். ஸ்கங்க் புல்லுக்கு அடியில் இருக்கும் வண்டுப் புழுக்களைத் தேடித் தோண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அது எங்கள் வீட்டு டெக்குக்கு, அதாவது பின்பக்க மரத் திண்ணைக்கு, அடியில் குட்டி போட்டிருந்தது.

ஜிம்மி சின்ன நாய், ஆனால் சரியான துணிச்சல். ஜூன் மாதம், பொழுதுபடுகிற நேரம். தாய் ஸ்கங்க் டெக்கைவிட்டு வெளியே வந்து நின்றது. முதலில் முன்னங்கால் இரண்டாலும் நிலத்தில் டக் டக் என்று தட்டியது. ஜிம்மி நகரவில்லை. வாலைத் தூக்கியது. நான் கூப்பிடக் கூப்பிட இவன் இன்னும் கிட்டப் போனான். பிறகு அது உடம்பை வளைத்தது, முகமும் பின்பக்கமும் ஒரே நேரத்தில் எங்களைப் பார்க்கிற மாதிரி. அடுத்த கணம் எல்லாம் முடிந்தது. மூன்று மீற்றர் தள்ளி நின்ற என் காற்சட்டையிலும் பட்டது. காலைத் தட்டும்போதே நாங்கள் மெல்லப் பின்வாங்கியிருந்தால் அது தன் பாட்டில் போயிருக்கும். பீச்சி முடித்த நீர் திரும்பச் சுரக்க அதற்குப் பல நாள் வேணும், ஆகவே சும்மா அதை வீணாக்காது. அந்த மிருகம் எங்களுக்குத் தந்த எச்சரிக்கை எவ்வளவு தெளிவானது என்று இப்ப நினைத்தாலும் எனக்குக் கவலைதான்.

ஜிம்மியின் மூக்கில் ஒரு கீறலும் இருந்தது. நாற்றத்தை விட அதுதான் எனக்குப் பயம். இங்கே ஸ்கங்குக்கு விசர்நாய்க்கடி நோய் வரக்கூடும். ஒன்ராறியோவில் மூன்று மாதம் தாண்டின நாய்க்கு அந்தத் தடுப்பூசி சட்டப்படியே போட வேணும், ஜிம்மிக்குப் போட்டிருந்தோம். என்றாலும் அடுத்த நாள் காலையிலேயே கொண்டுபோய்க் காட்டினோம், இன்னொரு ஊசி போட்டார்கள். கடியோ கீறலோ இருந்தால் தயவுசெய்து “பார்ப்போம்” என்று இருக்காதீர்கள்.

பொறி வைத்துப் பிடிக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. தாயைப் பிடித்தால் குட்டிகள் டெக்குக்கு அடியிலேயே செத்துவிடும். ஜூலை முடியுமட்டும் ஜிம்மியைக் கயிற்றில்தான் வெளியே கொண்டுபோனேன். ஒரு பின்னேரம் தாய் முன்னே போக, குட்டிகள் ஐந்தும் வரிசையாகப் பின்னால் போனதைக் கண்டேன். அவை திரும்பி வராதது நிச்சயமான பிறகு டெக்கைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, அடிப்பக்கத்தை மண்ணுக்குள்ளும் புதைத்தேன்.

நேப்பர்வில், இல்லினாய்

அக்கா, நீங்கள் சொன்ன அந்தக் கலவை எங்கள் பக்கத்தில் பிறந்தது. பால் கிரெபாம் என்ற வேதியியலாளர் இல்லினாயில் ஓர் ஆய்வகத்தில் கந்தகப் பொருள்களோடு வேலை செய்தார். அங்கே நாற்றத்தைப் போக்கக் காரப்பொருள் (ஆல்கலி) சேர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடைப் பயன்படுத்தினார். கூட வேலை செய்தவரின் பூனை மேல் ஸ்கங்க் பீச்சிவிட, அதையே மென்மையாக்கிச் சொல்லிக்கொடுத்தார். 1993-இல் அது அச்சில் வந்தது. தயாலோடு ஆக்ஸிஜன் சேர்ந்தால் நாற்றமில்லாத, தண்ணீரில் கரையும் பொருளாக மாறிவிடுகிறது. தக்காளி நாற்றத்தின் மேல் இன்னொரு மணத்தைப் போர்த்துகிறது, இது நாற்றத்தையே மாற்றிவிடுகிறது.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மீந்த கலவையை மூடி போட்ட பாட்டிலில் வைக்கவே கூடாது. ஆக்ஸிஜன் வந்துகொண்டே இருக்கும், பாட்டில் வெடிக்கும். கடையில் கலந்தே விற்காததும் இதனால்தான்.

எங்கள் நாய் பைரவிக்கு முகத்திலும் வாயிலும் நேராக, நிறையவே பட்டது. மறுநாள் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் மாடிப்படி ஏற மாட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், எப்போதும் இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறு தோசைமாவு மாதிரி வெளுத்திருந்தது. சிறுநீரும் அடர்ந்த பழுப்பு. உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்தக் கந்தகப் பொருள்கள் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகை உண்டாக்கியிருக்கின்றன என்றார்கள். மிக அரிதாகத்தான் இப்படி ஆகும். ஆனாலும் பீச்சிய பிறகு மூன்று நாள் தினமும் ஈறின் நிறத்தைப் பாருங்கள். பைரவி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தாள். இன்னமும் காலையில் எழுந்ததும் அவள் உதட்டைத் தூக்கிப் பார்க்காமல் நான் காபி குடிப்பதில்லை.

ஆஸ்டின், டெக்சாஸ்

துணிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நாற்றம் முழுக்கப் போகும்வரை டிரையரில் போடாதீர்கள். நான் போட்டு, அடுத்த மூன்று வாரம் எந்தத் துணியை எடுத்தாலும் அதே வாடை. வெயிலில் கொடி கட்டிக் காயப்போட்டதுதான் கடைசியில் கைகொடுத்தது. நாயை உள்ளே விடுவதற்கு முன் கதவைச் சாத்த முடிந்தால் பாதி வேலை மிச்சம்.

எடிசன், நியூ ஜெர்சி

எல்லாரும் எழுதியதை மகளும் நானும் சேர்ந்து படித்தோம். ஈறு விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. படித்தவுடன் அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தோம், நல்ல சிவப்பு.

நவம்பரில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மழையில் நனைந்து வந்தவன் காதுக்குப் பின்னால் மறுபடி அந்த வாடை லேசாக வந்தது. பயந்துபோனேன். ஸ்கங்க் நீரில் தயாலோடு தயோஅசிட்டேட் என்று இன்னொரு வகையும் இருக்கிறதாம். முடியில் ஒட்டிக்கொண்டிருந்து, ஈரம் படும்போது மெல்ல மெல்லத் தயாலாக மாறுமாம். முதல் நாள் தண்ணீர் ஊற்றியதும் பொங்கியது ஏன் என்பது அப்போதுதான் புரிந்தது. காதுப் பக்கம் மட்டும் கொஞ்சம் கலந்து தடவியதில் சரியானது.

பெராக்சைடு முடியை வெளுக்கும். கருப்பனின் கழுத்தைச் சுற்றி ஒரு கை அகலத்துக்குச் செம்பு நிறம் வந்துவிட்டது. வசந்தத்தில் முடி உதிர்ந்து புதுசு வரும்போது மாறும் என்றார்கள். அடியில் இப்போதே கறுப்பு எட்டிப் பார்க்கிறது. பின்கதவுப் பக்கத்து அலமாரியில் பெராக்சைடு இரண்டு பாட்டில், சோடா, கையுறை, சலைன் எல்லாம் ஒரு வாளிக்குள் இருக்கின்றன. ராத்திரி அவனை விடும் முன் டார்ச் அடித்துப் புதரைப் பார்க்கிறேன். அவனும் நான் பார்த்து முடிக்கும்வரை படியிலேயே உட்கார்ந்திருக்கிறான்.