தைராய்டு முடிச்சு: 'சுட்டி'யா, 'குறிப்பான்' என்பதா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தைராய்டு முடிச்சு புற்றா, அன்றா எனப் பிரித்தறியத் துணைசெய்யும் மரபணு மாற்றங்களையும் புரதங்களையும் 'மூலக்கூற்று உயிர்ச்சுட்டி' (molecular biomarker) என வழங்கலாம் என்னும் முன்மொழிவைப் பலமுறை எண்ணிப் பார்த்தேன். சொல் சுருக்கமானது, ஒலிக்கவும் இனியது. ஆயினும் 'சுட்டி' என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்கான காரணம் மொழியில் மட்டுமன்றி மருத்துவத்திலும் இருக்கிறது.

மெல்லிய ஊசியால் முடிச்சிலிருந்து செல்களை உறிஞ்சி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அந்த ஆய்வின் முடிவைப் பெதஸ்டா முறை ஆறு வகைகளாகப் பகுக்கிறது. இரண்டாம் வகை என்றால் புற்றில்லை, ஆறாம் வகை என்றால் புற்று. இடர்ப்பாடு, புற்றா அன்றா எனத் தெளிவாகாத மூன்றாம், நான்காம் வகைகளில்தான். தைராய்டின் நுண்ணறைச் செல்களில் தோன்றும் நுண்ணறைக் கட்டி (follicular) புற்றா என்பது, அதன் செல்கள் கட்டியின் உறையையோ குருதிக் குழாயையோ ஊடுருவியிருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. ஊசியில் வரும் உதிரிச் செல்களை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வழியில்லை. ஆகவே ஐயத்தைத் தீர்ப்பதற்கென்றே சுரப்பியின் ஒரு பாதியை அகற்றி ஆராய வேண்டியிருந்தது. அவ்வாறு அகற்றப்பட்டவற்றுள் பெரும்பாலானவை புற்றல்ல என்பது அறுவைக்குப் பின்னரே தெரியவந்தது. மூலக்கூற்று ஆய்வு இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது.

ஆனால் அந்த ஆய்வு காட்டும் அடையாளங்கள் எல்லாம் ஒரே உறுதியுடன் பேசுவதில்லை. பிராஃப் (BRAF) புரதத்தின் 600ஆம் இடத்தில் வாலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம் அமர்ந்திருந்தால், அந்த முடிச்சு பாப்பில்லரி (papillary) என்னும் வகைத் தைராய்டுப் புற்று என ஏறத்தாழ ஐயமின்றிக் கூறலாம். ராஸ் (RAS) மரபணுக்களின் மாற்றமோ புற்றிலும் உண்டு, புற்றல்லாத நுண்ணறைக் கட்டியிலும் உண்டு. அதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கும் வர இயலாது. டெர்ட் (TERT) மரபணுவின் தூண்டற்பகுதியில் (promoter) நேரும் மாற்றம், பிற மாற்றங்களோடு சேர்ந்து வரும்போது நோயின் கடுமையை உணர்த்துகிறது. பல மரபணுக்களின் வெளிப்பாட்டை ஒருங்கே அளக்கும் ஆய்வுகள் சில, புற்று இருக்க வாய்ப்பு மிகக் குறைவு எனக் கூறுவதிலேயே வலிமை மிக்கவை.

இத்தனையையும் 'சுட்டி' என்ற ஒரே சொல்லில் அடக்கினால் என்ன ஆகும்? சுட்டுதல் என்பது விரல் நீட்டி 'இது', 'அது' எனக் காட்டுவது; அதில் ஐயத்துக்கு இடமில்லை. ராஸ் மாற்றம் அவ்வாறு எதையும் சுட்டவில்லை, குறிப்பால் உணர்த்துகிறது. நம் இலக்கணம் தெரிநிலை வினை, குறிப்பு வினை என இரண்டைப் பிரித்து வைத்திருப்பதை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். 'அவன் நல்லன்' என்னும் தொடர் காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. முன்னும் பின்னும் உள்ள சொற்களைக் கொண்டே காலத்தை உணர்கிறோம். ராஸ் மாற்றத்தையும் இவ்வாறே, நுண்ணொலிப் (அல்ட்ராசவுண்டு) படத்தோடும் செல் ஆய்வோடும் சேர்த்து வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆதலால் 'மூலக்கூற்றுக் குறிப்பான்' என்பதை முன்வைக்கிறேன்.

'குறிப்பான்' என்றால் 'அவன் குறித்துக்கொள்வான்' என்னும் வினைமுற்றாகவும் படிக்கலாமே என்ற மறுப்பு எழும். நேர்மையான மறுப்புதான். ஆனால் 'அழிப்பான்', 'கணிப்பான்' ஆகியவற்றுக்கும் அதே இரட்டைப் பொருள் இருந்தும், சொற்றொடரில் யாரும் தடுமாறுவதில்லை. 'உயிர்' என்னும் முன்னொட்டு இங்குத் தேவையில்லை என்பது என் கருத்து. குருதி அழுத்தம் முதலிய அளவைகளையும் உள்ளடக்கிய பொதுச்சொல் வேண்டுமிடத்தில் அது தேவைப்படும். மூலக்கூறு என்று சொல்லி, உடலிலிருந்து எடுத்த செல்லைப் பற்றியே பேசும்போது அது சுமைதான். 'நோய்க்குறிப்பான்' என்பதை நான் தவிர்ப்பேன், முடிவு தெரியாத முடிச்சை அது முன்கூட்டியே நோயாக்கிவிடும்.

புற்றான முடிச்சு, புற்றல்லாத முடிச்சு ஆகிய இரண்டின் பெயர்களையும் இதனோடு சேர்த்தே தீர்க்க வேண்டும். புற்றுக் கட்டியை 'வீரியம் மிக்க கட்டி' என்று எழுதுவதைக் காணும்போதெல்லாம் வருந்துகிறேன். வீரியம் என்பது விதை, மருந்து ஆகியவற்றுக்கு நாம் பாராட்டாகச் சொல்லும் சொல். அதைப் புற்றுக்குக் கொடுப்பது நோயாளியைக் குழப்பும். 'தீங்கற்ற' என்பதும் முழு உண்மையன்று. புற்றல்லாத முடிச்சும் பெரிதானால் மூச்சுக்குழாயை அழுத்தும், சில முடிச்சுகள் இயக்குநீரை (ஹார்மோன்) மிகுதியாகச் சுரக்கும். 'கேடற்ற' என்பதோ, தைராய்டைக் குறிக்கும் 'கேடயச் சுரப்பி' என்னும் பெயருக்கு அருகில் வரும்போது காதுக்குக் குழப்பம் தருகிறது. 'புற்றுள்ள', 'புற்றிலா' என்னும் இணையே தெளிவானது. 'கழலை' முன்கழுத்துக் கழலைக்கு உரியதாகிவிட்டதால், 'முடிச்சு' அப்படியே இருக்கட்டும்.

பெயரில் இவ்வளவு கவனம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். உறைக்குள் அடங்கி, எங்கும் ஊடுருவாத ஒருவகைத் தைராய்டுக் கட்டியின் பெயரிலிருந்து புற்றைக் குறிக்கும் 'கார்சினோமா' என்னும் சொல்லை 2016இல் வல்லுநர் குழு ஒன்று நீக்கியது. கட்டி மாறவில்லை, பெயர்தான் மாறியது. முழுச் சுரப்பியையும் அகற்றுவது, கதிரியக்க அயோடின் கொடுப்பது போன்ற மிகைச் சிகிச்சைகளை அத்தகையோருக்குத் தவிர்ப்பதே அந்தப் பெயர் மாற்றத்தின் நோக்கம்.

ஆய்வறிக்கையில் என் பரிந்துரை இவ்வாறு அமையும்: 'மூன்றாம் வகை எனக் கண்ட முடிச்சில் ராஸ் குறிப்பான் உள்ளது, பிராஃப், டெர்ட் குறிப்பான்கள் இல்லை. இம்முடிவு மட்டுமே புற்றை உறுதிசெய்யாது.' இதே தொடரில் 'சுட்டி' என்று இட்டுப் படித்துப் பார்த்து, உங்கள் கருத்தை எழுதுங்கள்.